பன்னீர் ரோஸை முள்ளோட வரையலாம் வாங்க

எங்க வீட்டு மொட்டை மாடில சிமெண்ட் தொட்டில ஒரு பன்னீர் ரோஸ் செடி இருக்கு. அதை பார்த்து நான் முதல்முதல்ல வரைஞ்ச படத்தை எங்க அம்மாயி கிட்ட காட்டுனப்ப, கண்ணாடியை மாட்டிக்கிட்டு ரொம்ப நேரம் பார்த்துட்டு "கோஸு நல்லா வந்திருக்குது கண்ணு"ன்னாங்க. அப்ப செம கடுப்பு. அப்புறமா தான் தெரிஞ்சுது, ஐரோப்பால சென்டிஃபோலியான்னு ஒரு பழைய ரோஜாவுக்கு முட்டைக்கோஸ் ரோஜான்னே பேரு இருக்காம், ஆனா அது இதழ் நெருக்கி அடைச்சிருக்கறதால வந்த பேரு, என் படம் கோஸாட்டம் இருந்ததுக்கு எனக்கு பார்க்க தெரியலைங்கறது மட்டும் தான் காரணம்.

வாழ்த்து அட்டைல வர்ற ரோஜா வேற, வாட்டர்கலர்ல தாவர ஓவியமா வரையற ரோஜா வேற. முன்னதுல "ஆஹா ரோஜா"ன்னு சொன்னா போதும். பின்னதுல செடி தெரிஞ்ச ஒருத்தர் படத்தை பார்த்ததும் "இது பன்னீர் ரோஸ், எட்வர்ட் ரோஸ் இல்ல"ன்னு சொல்லணும். இதுல ஒரு வேடிக்கை என்னன்னா அந்த வித்தியாசம் பாதிக்கு மேல பூவுலயே இருக்காது, பூவுக்கு கீழ காம்பு உப்பி நிக்கற கழுத்து, மொட்டை மூடியிருக்கற பச்சை புல்லி இதழ், முள்ளு, இலைக்காம்போட அடி, இங்க தான் இருக்கும். நாம எல்லாரும் இதழையே பார்த்து பார்த்து மயங்கிட்டு மிச்சத்தை பச்சையா ஒரு கோடு இழுத்து முடிச்சிடறோம். அதனால நான் சொல்லப்போற எல்லாத்துலயும் இந்த "கீழ பாருங்க" திரும்ப திரும்ப வரும், சலிச்சுக்காதீங்க.

எந்த ரோஜாவுல ஆரம்பிக்கறது

சிவப்பு வேண்டாம். பூக்கடைல செலோஃபேன் சுத்தி தர்ற அடர் சிவப்பு ரோஜா பார்க்க ஈஸியா தெரியும், ஆனா அடர் நிறத்துல நிழல் எங்க வெளிச்சம் எங்கன்னு புதுசா வரையறவங்களுக்கு பிரிச்சு பார்க்கவே முடியாது, கடைசில ஒரு சிவப்பு உருண்டை தான் வரும். மஞ்சளும் வேண்டாம், மஞ்சளுக்கு நிழல் போடறேன்னு கொஞ்சம் நீலம் சேர்த்தா போதும், பூ பச்சை காய்ச்சல் வந்த மாதிரி ஆயிடும். வெள்ளையை வெள்ளை பேப்பர்ல வரையறது தனி வித்தை, அதுக்கு இன்னும் நாள் இருக்கு. வெளிர் பிங்க், பாதி விரிஞ்ச பூ, அவ்ளோ தான். பன்னீர் ரோஸ் அதுக்கு ரொம்ப தோதா இருக்கும்.

இதழ் கம்மியா இருந்தா இன்னும் நல்லது. காட்டு ரோஜாவுக்கு எல்லாம் பெரும்பாலும் அஞ்சே இதழ் தான், தோட்டத்து ரோஜாவுல மகரந்தத் தாள் இதழா மாறி மாறி தான் இத்தனை அடுக்கு வந்திருக்கு. ஒரு பூவை பிரிச்சு பார்த்தீங்கன்னா நடுவுல பாதி இதழாவும் பாதி மகரந்தமாவும் ரெண்டுங்கெட்டானா நிக்கற சிலது கையில கிடைக்கும். நம்ம நீலகிரி, பழனி மலை சோலைப் பக்கம் ஏறிப்படர்ற ஒரு வெள்ளை காட்டு ரோஜா உண்டு, ரோஸா லெஷனால்டியானா, அஞ்சு இதழ். லெஷனால்ட்ங்கற ஃபிரெஞ்சு தாவரவியலாளர் பேர்ல வந்தது, அவர் 1816ல பாண்டிச்சேரிக்கு வந்தவர். ரோஜா ஓவியம்னாலே எல்லாரும் சொல்ற ஓவியர் ரெடூத்தே, பாரிஸ்ல 1817லருந்து 1824 வரைக்கும் பகுதி பகுதியா ஒரு பெரிய ரோஜா தொகுப்பு போட்டாரு இல்ல, அதுல இந்த நம்ம ஊரு மலை ரோஜாவும் ஒரு படமா இருக்கு. எனக்கு இது தெரிஞ்ச அன்னிக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. அதுக்காக காட்டுக்குள்ள போய் பறிச்சுட்டு வந்துடாதீங்க, அது ரிசர்வ் ஃபாரஸ்ட், வீட்டுச் செடி போதும்.

வாங்க வேண்டியது

பேப்பர்ல மட்டும் கஞ்சத்தனம் பண்ணாதீங்க. ஹாட் பிரஸ் (மேல வழவழன்னு இருக்கறது), 300 ஜிஎஸ்எம் (பேப்பரோட கனம்), 100 சதவீதம் காட்டன்னு போட்டிருக்கணும். ஆர்ச்சஸ், ஃபேப்ரியானோ ஆர்டிஸ்டிகோ, சாண்டர்ஸ் வாட்டர்ஃபோர்ட் இதுல எதுவா இருந்தாலும் சரி, ஒரு பெரிய ஷீட்டா வாங்கி நாலா கிழிச்சுக்கலாம். கோல்ட் பிரஸ்ல மேல சொரசொரன்னு இருக்கும், இலையோட பல் பல்லான ஓரத்தை அதுல கூர்மையா இழுக்க முடியாது, பிரஷ் மேடு பள்ளத்துல குதிச்சு குதிச்சு போகும். இன்னொண்ணு, வாங்குன பேப்பரை அப்படியே பீரோ மேல போட்டு வெக்காதீங்க. மழைக்காலத்து ஈரத்துல பேப்பர் மேல இருக்கற பசை கெட்டுப்போனா கலர் அங்கங்க புள்ளி புள்ளியா உறிஞ்சிக்கும், பார்த்தா பேப்பர் நல்லா தான் இருக்கும், தண்ணி பட்டதும் தான் குட்டு வெளிப்படும். பெரிய ஜிப் கவர்ல போட்டு, ஷூ டப்பால வர்ற சிலிக்கா ஜெல் பாக்கெட் ரெண்டை உள்ள போட்டுடுங்க.

பிரஷ் மூணு இருந்தா போதும், ரவுண்ட் 6, 4, 1. மிருக முடில செஞ்ச கோலின்ஸ்கி சேபிள் நல்லது தான், தண்ணியை வயித்துல நிறைய பிடிச்சு வெச்சுக்கும், முனை ஊசியாட்டம் சேரும், ஆனா காசு அதிகம். முதல் ரெண்டு மூணு படத்துக்கு நல்ல சிந்தெடிக் போதும். கடைல வாங்கறப்ப தண்ணில நனைச்சு ஒரு உதறு உதறி பாருங்க, முனை ஒண்ணா சேர்ந்து நின்னா எடுங்க, ரெண்டா பிரிஞ்சா வெச்சுட்டு வந்துடுங்க, கடைக்காரர் முறைச்சா முறைக்கட்டும்.

கலர். இங்க தான் நான் நல்லா அடி வாங்குனேன். ஆரம்பத்துல ட்யூப்பை திறந்ததும் கண்ணை பறிக்கற மாதிரி பளிச்னு ஒரு பிங்க் வாங்கி அதுலயே ரெண்டு மாசம் படம் போட்டு ஹால்ல மாட்டுனேன், ஒரு வெயில்காலம் தாண்டறதுக்குள்ள பூ வெளுத்து டீத்தூள் போடாத பால் மாதிரி ஆயிடுச்சு. அந்த மாதிரி ஒளிர்ற பிங்க்ல இருக்கறது ஃப்ளோரசன்ட் சாயம், வெளிச்சத்துக்கு நிக்காது. பழைய அலிசரின் கிரிம்சனும், பிஆர்83னு போட்டிருக்கறது, அப்படித்தான் மங்கும். ட்யூப் பின்னாடி பொடி எழுத்துல பிக்மென்ட் நம்பர் இருக்கும், பேரை பார்க்காதீங்க, அந்த நம்பரை பாருங்க. ரோஜாவுக்கு பிவி19 குவினாக்ரிடோன் ரோஸ் ஒண்ணு, பெர்மனன்ட் ரோஸ்னு விக்கறது பெரும்பாலும் இது தான். கூட பிஆர்122 மெஜந்தா. அப்புறம் ஒரு லெமன் எல்லோ, ஒரு சூடான மஞ்சள், ஃபிரெஞ்ச் அல்ட்ராமரைன், பர்ன்ட் சியன்னா. ஆறு. கருப்பும் வெள்ளையும் வாங்கவே வேண்டாம், பேப்பர் தான் நம்ம வெள்ளை.

இது போக ஹெச் பென்சில், டிரேசிங் பேப்பர், சப்பாத்தி மாவாட்டம் பிசையற அந்த நீடட் எரேசர், ஜாமெட்ரி பாக்ஸ்ல சும்மா கிடக்கற டிவைடர், ஒரு பூதக்கண்ணாடி.

பூவை வெட்டறது, உக்கார்றது

விடிகாலைல, வெயில் ஏறதுக்கு முன்னாடி வெட்டுங்க. மூணு தண்டு வேணும்: பாதி விரிஞ்சது ஒண்ணு, மொட்டு ஒண்ணு, முழுசா விரிஞ்சு நாளைக்கு உதிரப்போறது ஒண்ணு. கைல சொம்பு தண்ணியோட போய் சாய்வா வெட்டி உடனே உள்ள வெச்சுடணும். நான் சொம்பு எடுக்காம போய் கைல பிடிச்சிட்டே செடியில இருந்த மாவுப்பூச்சியை பார்த்து திட்டிட்டு நின்னதுல பூ தலை தொங்கிடுச்சு, அப்படி ஒரு நாள் போச்சு. ராத்திரி ஃபிரிட்ஜ்ல வைக்கலாம், ஃப்ரீசர்ல இல்ல, கீழ் தட்டுல, ஆனா பக்கத்துல மாம்பழம் வாழைப்பழம் இருக்கக்கூடாது, பழுக்கற பழத்துலருந்து வர்ற எத்திலீன் வாயு பூவை சீக்கிரம் முத்த வெச்சுடும். தொட்டிச்செடியா இருந்தா வெட்டவே வேண்டாம், தொட்டியை அப்படியே மேஜை பக்கம் தூக்கிட்டு வந்துடுங்க, சிமெண்ட் தொட்டின்னா ஆள் கூப்பிடுங்க.

வெட்டுன உடனே மொபைல்ல எல்லா பக்கத்துலருந்தும் ஃபோட்டோ எடுத்து வெச்சுக்கோங்க, பக்கத்துல ஒரு ஸ்கேல் வெச்சு. இது மறந்து போன வடிவத்தை பார்க்கறதுக்கு மட்டும். கலருக்கு ஃபோட்டோவை நம்பாதீங்க, மொபைல் கேமரா பிங்க்கையும் சிவப்பையும் அள்ளி பூசி விட்டுடும், இதழ்ல இருக்கற மெல்லிசான ஏத்த இறக்கம் எல்லாம் காணாம போயிடும்.

வெளிச்சம் ஒரே பக்கத்துலருந்து வரணும், வழக்கமா இடது மேல்பக்கம். வலது கைக்காரங்களுக்கு கை நிழல் படம் மேல விழாது. வெளிநாட்டு புத்தகத்துல எல்லாம் வடக்கு பார்த்த ஜன்னல்ல உக்காருங்க, அங்க நேர் வெயில் வரவே வராதுன்னு போட்டிருக்கும், அதை நம்பி நான் மே மாசம் உக்காந்தேன், வெயில் நேரா பூ மேல. யோசிச்சு பார்த்தா, நாம பூமத்திய ரேகைக்கு பக்கத்துல இருக்கோம், கோயமுத்தூர்ல ஏப்ரல் கடைசிலருந்து ஆகஸ்ட் பாதி வரைக்கும் மதிய சூரியன் தலைக்கு வடக்க தான் நிக்குது. அதனால அந்த மாசங்கள்ல தெக்கு ஜன்னல், மிச்ச மாசம் வடக்கு. இல்லைன்னா ஜன்னல்ல ஒரு பழைய வெள்ளை வேட்டியை கட்டி விடுங்க, வேலை முடிஞ்சுது.

ஃபேன் ஆஃப். கஷ்டம் தான், தெரியும். ஃபேன் ஓடுனா பூ ஆடும், கலர் பாதி வழியிலயே காயும், பூவும் சீக்கிரம் வாடும். வேர்த்த கை பேப்பர்ல படாம கீழ ஒரு துண்டு பேப்பர் போட்டுக்கோங்க, கை பட்ட எண்ணெய் பிசுக்குல அப்புறம் கலர் ஒட்டாது.

பென்சில் எடுக்கறதுக்கு முன்னாடி ஒரு பூவை பலி குடுங்க

அந்த மூணாவது பூ, உதிரப்போறது, அதை வெளியிலருந்து உள்ள ஒவ்வொரு இதழா பிரிச்சு வெள்ளை பேப்பர்ல வரிசையா அடுக்குங்க. எங்க செடில ஒரு பூவை அப்படி பிரிச்சப்ப 34 வந்துச்சு, அடுத்த பூவுல வேற எண்ணிக்கை. ஒவ்வொண்ணோட அடியிலயும் வெளுத்து மஞ்சளோடி ஒரு இடம் இருக்கு பாருங்க, இதழ் ஒட்டியிருந்த இடம். பின்பக்கம் முன்பக்கத்தை விட வெளிறியிருக்கும். ஓரம் பின்னாடி சுருண்டிருக்கறது எது, நேரா நிக்கறது எது, மடிப்பு எங்க, எல்லாத்தையும் பக்கத்துலயே கிறுக்கி வெச்சுக்கோங்க.

இப்ப கீழ பாருங்க. பச்சை கழுத்து, அதுக்கு மேல அஞ்சு புல்லி இதழ். இந்த அஞ்சுக்கு ஐரோப்பால லத்தீன்ல ஒரு பழைய விடுகதை உண்டு: ஒரே நேரத்துல பொறந்த அஞ்சு அண்ணன் தம்பிங்க, ரெண்டு பேருக்கு தாடி, ரெண்டு பேருக்கு இல்ல, ஒருத்தனுக்கு ஒரு பக்கம் மட்டும் தாடி. போய் பூதக்கண்ணாடில பாருங்க, அப்படியே இருக்கும். ரெண்டு புல்லி இதழோட ரெண்டு ஓரத்துலயும் குட்டி குட்டியா கிளைச்சு தொங்கும், ரெண்டுல சுத்தமா வழவழன்னு, ஒண்ணுல ஒரே ஓரத்துல. மொட்டா இருக்கறப்ப ஒண்ணு மேல ஒண்ணு மூடியிருக்கறதால வெளிய தெரிஞ்ச ஓரத்துல மட்டும் தாடி வளருது, உள்ள மறைஞ்ச ஓரத்துல வளரல, அவ்ளோ தான் ரகசியம். சில செடில தாடி நல்லா தெரியும், சிலதுல லேசா தான் இருக்கும். அஞ்சுக்கும் ஒரே மாதிரி நட்சத்திரம் வரையறவங்க இதை ஒரு தடவை பார்த்துட்டா அப்புறம் அப்படி வரைய கை வராது.

எங்க பன்னீர் ரோஸ்ல அந்த கழுத்தும் அதுக்கு கீழ காம்பும் பூரா பொடி பொடியா முடி, நுனில குட்டி உருண்டை, விரல்ல தேய்ச்சா பிசுபிசுன்னு ஒட்டும், வாசனை கூட வரும். பக்கத்து வீட்டு ஹைபிரிட் ரோஜால கழுத்து வழவழன்னு இருக்கு. அப்புறம் இலைக்காம்பு தண்டுல சேர்ற இடத்துல ரெண்டு பக்கமும் றெக்கை மாதிரி ஒட்டியிருக்கே, இலையடிச் செதில், அது ரோஜாவோட ஒரு முக்கியமான அடையாளம், வகைக்கு வகை ஓரம் மாறும். இதை விட்டுட்டா இலை தண்டுல ஃபெவிகால் போட்டு ஒட்டுன மாதிரி இருக்கும்.

பென்சில் வேலை

நேரா நல்ல பேப்பர்ல ஆரம்பிக்காதீங்க, சாதா பேப்பர்ல வரைஞ்சு அப்புறம் மாத்திக்கலாம். அளவு நிஜ அளவு, ஒண்ணுக்கு ஒண்ணு, தாவர ஓவியத்துல வழக்கம் அது தான். டிவைடரை பூ பக்கத்துல வெச்சு அகலம் எடுங்க, பேப்பர்ல குத்தாம வெச்சு பாருங்க.

முதல் கோடு தண்டுலருந்து. தண்டு எந்த சாய்வுல வருதோ அதே சாய்வுல கழுத்து வழியா பூவோட நடு வரைக்கும் லேசா ஒரு கோடு. பூவோட நடு அந்த கோட்டு மேல தான் இருந்தாகணும். என் கோஸுக்கு இது தான் பிரச்சனை, பூ ஒரு பக்கம் பார்க்குது தண்டு இன்னொரு பக்கம் வருது, கழுத்து சுளுக்குன மாதிரி. அடுத்து பூ மொத்தத்தையும் ஒரு கிண்ணமா நினைச்சு அதோட வாயை ஒரு நீள்வட்டமா போடுங்க. அதுக்குள்ள நடுவுல சுருண்டு நிக்கற இதழ்லருந்து ஆரம்பிச்சு வெளிய வாங்க. ஒவ்வொரு இதழ் வரையறப்பவும் மறைஞ்சு போன பாதியையும் மனசுல இழுத்து பாருங்க, அது கீழ போய் கழுத்துல சேருதா? சேரலைன்னா அந்த இதழ் அந்தரத்துல தொங்குது, அழிங்க. வெளி இதழ் ரெண்டு நாளுக்கு தாங்கும், நடு இதழ் மணிக்கு மணி விரிஞ்சிட்டே போகும், அதனால நடுவை முதல் முக்கா மணி நேரத்துல முடிச்சிடுங்க, பிறகு பூ மாறுனாலும் நீங்க மாத்தாதீங்க. மாறுன பூ பின்னாடி ஓடுனா அந்த படம் முடியாது, எனக்கு ரெண்டு தடவை முடியல.

இலை: நடுக்காம்புல எதிரெதிரா ஜோடி, நுனில ஒண்ணு தனியா, ஆக அஞ்சு இல்லைன்னா ஏழு சிற்றிலை. ஓரத்துல இருக்கற பல் எல்லாம் நுனியை பார்த்து சாஞ்சிருக்கும், ரம்பம் மாதிரி ரெண்டு பக்கமும் நேரா குத்திட்டு நிக்காது. ஒரு இலையாவது திரும்பி பின்பக்கம் காட்டற மாதிரி அமைஞ்சா நல்லது.

வரைஞ்சது திருப்தியா வந்தா டிரேசிங் பேப்பர்ல எடுத்து நல்ல பேப்பருக்கு மாத்துங்க. லைட் பாக்ஸ் எல்லாம் வேண்டாம், பகல்ல ஜன்னல் கண்ணாடில மாஸ்கிங் டேப் போட்டு ஒட்டுனா அதுவே லைட் பாக்ஸ். கோடு ரொம்ப லேசா. மாத்துன பிறகு நீடட் எரேசரை உருட்டி கோட்டு மேல ஒத்தி ஒத்தி எடுங்க, கண்ணுக்கு தெரிஞ்சும் தெரியாம இருக்கணும். வெளிர் பிங்க் வாஷ், அதாவது தண்ணியா கலந்த மெல்லிசான பூச்சு, மேல போயிடுச்சுன்னா கீழ இருக்கற பென்சில் கோடு மாட்டிக்கும், அப்புறம் அழிக்கறது கஷ்டம். தேய்க்காதீங்க, ஹாட் பிரஸ் மேல் தோல் கிளம்பிடும்.

கலர் போடறது

ஒரு துண்டு பேப்பர்ல பிங்க்கை மூணு நாலு விதமா தண்ணி விட்டு பூசி, காய விட்டு, இதழ் பக்கத்துலயே பிடிச்சு பாருங்க. ஈரத்துல பார்க்காதீங்க, காஞ்சா வெளுக்கும். நிழலுக்கு தனியா ஒரு சாம்பல் கலக்கணும்: அதே ரோஸ், துளி லெமன் எல்லோ, துளி அல்ட்ராமரைன். ஊதாவோடுன ஒரு சாம்பல் வரும். பூவோட கலர்லருந்தே பொறந்ததால அது பூ மேல அழுக்கா நிக்காது.

ஒரு நேரத்துல ஒரு இதழ் தான். பக்கத்து பக்கத்து இதழை தொடாம ஒண்ணு விட்டு ஒண்ணு போடுங்க, ஈரமும் ஈரமும் சேர்ந்தா ஒண்ணுக்குள்ள ஒண்ணு ஓடிடும். முதல்ல சுத்தமான தண்ணியை இதழ் பூரா பூசுங்க, குளம் கட்டக்கூடாது, சாய்ச்சு பார்த்தா பளபளன்னு மின்னணும், அந்த மினுமினுப்பு லேசா மங்க ஆரம்பிக்கறப்ப நிழல் இருக்கற பக்கத்துலருந்து கலரை விட்டா அது தானா வெளிச்சத்தை பார்த்து நகர்ந்து கரையும். வெளிச்சம் விழற இடத்தை தொடவே தொடாதீங்க. கத்திரி வெயில்ல நீங்க இதழோட ஒரு ஓரத்துலருந்து இன்னொரு ஓரத்துக்கு போறதுக்குள்ள ஆரம்பிச்ச இடம் காஞ்சிருக்கும், அப்ப காலைல ஆறு மணிலருந்து ஒன்பது மணிக்குள்ள முடிங்க, இல்ல சின்ன சின்ன இடமா பிரிச்சுக்கோங்க. கார்த்திகை மழைல இதுக்கு நேர் எதிர், ஒரு வாஷ் போட்டுட்டு குளிச்சு சாப்ட்டு வந்தாலும் காயாது. காஞ்சுதான்னு பார்க்க விரல் வைக்காதீங்க, புறங்கையை பக்கத்துல கொண்டு போங்க, சில்லுன்னு இருந்தா இன்னும் ஈரம்.

அப்புறம் அடுக்கு அடுக்கா மெல்லிசா. எனக்கு ஒரு இதழுக்கு நாலஞ்சு அடுக்கு ஆகும். ஒவ்வொண்ணும் முழுசா காயணும், அவசரப்பட்டா கீழ இருக்கறது கிளம்பி கொழகொழன்னு ஆயிடும், பொறுமை இல்லாத நாள்ல நான் பிரஷ்ஷே எடுக்கறதில்ல.

பூவோட நடு பத்தி ஒண்ணு சொல்லியே ஆகணும். உள்ள இருட்டா இருக்கும்னு நினைச்சு எல்லாரும் அங்க அடர்த்தியா ஊதாவோ பழுப்போ அப்பறாங்க. உத்து பாருங்க, உள்ள இருட்டே இல்ல. வெளிச்சம் இதழ் இதழா ஊடுருவி ஒண்ணுலருந்து இன்னொண்ணுக்கு பட்டு தெறிச்சு, உள்ள போகப்போக பிங்க் சூடாகுது, பீச் மாதிரி. அங்க சாம்பலை விட்டுட்டு அந்த ரோஸ்ல சூடான மஞ்சள் துளி சேர்த்து போடுங்க, பூவுக்குள்ள விளக்கு ஏத்துன மாதிரி ஆகும். ஆழமான இடுக்குல மட்டும் துளி மெஜந்தா.

இதழ் ஓரத்துக்கு கோடு போடாதீங்க. சுருண்ட ஓரம் வெளிச்சமா இருக்கும், அதுக்கு பின்னாடி இருக்கற இதழ் நிழலா இருக்கும், அந்த நிழலை சரியா போட்டா ஓரம் தானா வெட்டி வந்துடும். கடைசில 1ஆம் நம்பர் பிரஷ்ல கலரை எடுத்து துணில ஒத்தி, கிட்டத்தட்ட காஞ்ச பிரஷ்ல குட்டி குட்டி கீறலா இதழோட வளைவு போற திசைலயே போட்டா பட்டு மாதிரி ஒரு வழவழப்பு வரும். ரெடூத்தே படங்களை அச்சடிச்சப்ப செம்புத் தகட்டுல கோடு கீறாம புள்ளி புள்ளியா தான் வெட்டுனாங்க, கோடு போட்டா இதழ் மெத்துன்னு வராதுன்னு அப்பவே தெரிஞ்சிருக்கு.

இலைக்கு நிதானமா வாங்க, ரெண்டு நாள் கழிச்சு கூட போடலாம், அது வாடாது. ஆறுல பச்சை ட்யூப் இல்லையேன்னு கேக்கலாம், லெமன் எல்லோவும் அல்ட்ராமரைனும், அதட்டி வைக்க துளி பர்ன்ட் சியன்னா. முதல்ல ரொம்ப தண்ணியா நீலம் மட்டும் ஒரு வாஷ், இலை மேல வானம் பட்டு மின்னுது பாருங்க, அதுக்கு. காஞ்சதும் நரம்பை விட்டுட்டு நரம்புக்கு நரம்பு நடுவுல பச்சை. நரம்பு மேல வெள்ளைக்கோடு இழுக்கறது ஏமாத்து வேலை, பார்த்தாலே தெரியும். கொழுந்து இலை செவந்து இருக்கும், அந்த பச்சைல மெஜந்தா சேருங்க. இலைல ஓட்டை, கரும்புள்ளி இருந்தா வரையலாமாங்கறது பெரிய சண்டை. எனக்கு ஒரு ஓட்டை இருந்தா பிடிக்கும், நிஜ செடி மாதிரி இருக்கு, ஆனா நோய் பிடிச்ச இலையை எடுத்துட்டு நல்ல இலையை பார்த்து வரையறேன்.

முள்ளு கடைசி. ஒரு முள்ளை பக்கவாட்டுல கட்டை விரலால அமுக்குங்க, டக்னு தனியா வந்துடும், அடில நீள்வட்டமா ஒரு தழும்பு மட்டும் நிக்கும். ஏன்னா அது தண்டோட கட்டைலருந்து வரல, தோல்லருந்து வந்தது, எலுமிச்சை முள்ளு இப்படி வராது, ஒடிச்சா தான் வரும். இது தெரிஞ்சா வரையறதும் மாறிடும்: அடி அகலமா தண்டு மேல உக்காந்திருக்கணும், உள்ளருந்து ஆணி அடிச்சு வெளிய வந்த மாதிரி இருக்கக்கூடாது. நம்ம பன்னீர் ரோஸ்ல பெருசும் சிறுசும் கலந்து, நடுநடுவுல முடி மாதிரி பொடி முள்ளும் இருக்கும், கீழ் நோக்கி வளைஞ்சிருக்கும். எண்ணி வரைங்க, அழகுக்கு ஒழுங்கு பண்ணாதீங்க.

இடம் மிச்சம் இருந்தா கீழ ஓரமா அந்த பிரிச்ச இதழ் ஒண்ணு, புல்லி இதழ் அஞ்சு, நெடுக வெட்டுன கழுத்து ஒண்ணு தனியா வரையலாம். 1800கள்ல மதராஸ் மாகாணத்துல ராபர்ட் வைட்டுங்கற தாவரவியலாளருக்காக ரங்கையா, அப்புறம் கோவிந்துன்னு ரெண்டு தென்னிந்திய ஓவியர்கள் வரைஞ்ச படங்கள்ல செடிக்கு பக்கத்துலயே பூவோட பாகங்களை இப்படித்தான் பிரிச்சு போட்டிருப்பாங்க, இணையத்துல தேடி பாருங்க, ஒரு கோடு கூட சும்மா இருக்காது. நேர்ல பல வகையை பார்த்து பழகணும்னா ஊட்டில 1995ல ஆரம்பிச்ச அரசு ரோஜா பூங்கா இருக்கு, தொட விடமாட்டாங்க, ஆனா உக்காந்து ஸ்கெட்ச் பண்ணலாம், மேல சொன்ன கழுத்தையும் முள்ளையும் ஒரே நாள்ல நூறு செடில ஒப்பிட்டு பார்க்கலாம்.

படம் முடிஞ்சதும் அடில பென்சில்ல எழுதுங்க: செடி பேர், ஊர், தேதி, அளவு நிஜ அளவா இல்லையா. தாவரவியல் பேர் உறுதியா தெரியலைன்னா அடிச்சு விடாதீங்க, பன்னீர் ரோஸ்ங்கற பேர்ல நர்சரில ஒண்ணுக்கு மேல செடி விக்கறாங்க, புத்தகத்துல அது ரோஸா டமாசினான்னு இருக்குங்கறதுக்காக உங்க தொட்டில இருக்கறதும் அதுவே தான்னு ஆயிடாது. நான் "பன்னீர் ரோஸ், வீட்டு மாடி, கோயமுத்தூர்"ன்னு மட்டும் எழுதறேன், கழுத்துல அந்த ஒட்டற முடியை ஒண்ணு விடாம போட்டிருக்கேன், தெரிஞ்சவங்க பார்த்து பேர் சொல்லட்டும்.